தூதரகத்து லிஃப்ட்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நகர நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, நான்காம் எண் அறையில், ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை அவர் பிறந்த நாட்டின் அரசிடம் ஒப்படைக்கக் கோரும் மனு இறுதி விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

மெக்கானிக்கின் மனைவி அன்று கடைக்கு லீவு சொல்லியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவளுடைய வேலை. முந்தின நாள் சாயங்காலமே ஒரு பையைக் கட்டி வைத்துவிட்டாள். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பிரஷர் மாத்திரை. அதோடு, கணவருக்கென்று தன் கையாலேயே தேய்த்து மாட்டிய இன்னொரு கண்ணாடி. உள்ளே போனால் முதலில் உடைவது கண்ணாடிதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தீர்ப்பு எதிராக வந்தால் அப்படியே கூண்டிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போகவெல்லாம் விடமாட்டார்கள் என்பதை, அவர்களுக்காக வாதாடும் இளைஞன், அவள் 'வக்கீல் தம்பி' என்று கூப்பிடுகிறவன், நாசூக்காகச் சொல்லி வைத்திருந்தான்.

மெக்கானிக் பையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அவளுடைய தம்பி காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அன்றைய சவாரியை எல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"என்ன மச்சான், ஷூ பளபளங்குது? பொண்ணு பாக்கவா போறோம்?"

"உங்கக்காவைப் பாக்க வந்தப்பகூட நான் ஷூ போடலடா."

"அதான் இந்த நிலைமை," என்றாள் அவள். "ஏறுங்க வண்டியில. இந்த வாயை எல்லாம் ஜட்ஜு முன்னாடி காட்டிடாதீங்க."

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் வாசலில் நின்றாள். அன்று அவளுக்குப் பரீட்சை. "அப்பா, நான் வரும்போது வீட்டுல இருப்பீங்கல்ல?" என்றாள், ஏதோ சாவியை யார் வைத்திருப்பது என்று கேட்பது போல. "இருக்காம எங்க போறேன்? நீ ஒழுங்கா எழுது," என்றார் அவர்.

வழக்கு இதுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மெக்கானிக் தன் சொந்த நாட்டில் பொதுப்பணித் துறையில் இருந்தார். தலைமைச் செயலகத்து லிஃப்டின் பிரேக்கை மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. நிதியாண்டு வருவதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஓர் அமைச்சரோடு. அவரை வெளியே எடுப்பதற்குள் சபையில் ஓட்டெடுப்பு முடிந்துபோயிற்று. அவருடைய மசோதா ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அடுத்த மாதம் பதவியும் போயிற்று. அப்போது யாரும் மெக்கானிக்கை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்த வருடக் கடைசியில் இங்கே ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்து, எல்லோரும் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்ப, முறையாகப் புறப்பட்டு வந்தார். பிறகு இங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டார்.

போன வருடம் அங்கே ஆட்சி மாறியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் உள்துறை அமைச்சராகத் திரும்பி வந்தார். வந்த சூட்டோடு, தன்னைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்த சதிகாரனைப் பிடித்துக்கொண்டு வரும்படி மனு போட வைத்தார்.

"ஒரு மத்தியானம் உள்ள இருந்ததுக்கு இவ்வளவு கோபமா?" என்று தம்பி ஆரம்பத்தில் சிரித்தான். அங்கே அந்தக் குற்றத்துக்கு எத்தனை வருடம் போடுவார்கள் என்று வக்கீல் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அடைத்து வைப்பது எந்த நாட்டிலும் குற்றம்தான். சதி நடந்ததா இல்லையா என்பதை அங்கே போய்த்தான் விசாரிக்க முடியும். இந்த நாட்டு நீதிமன்றம் அதற்குள் போகாது. மெக்கானிக்குக் கைகொடுக்கக்கூடியது ஒரே ஒரு விதி. சம்பவம் நடந்து வெகுகாலம் ஆகி, சாட்சிகள் செத்தும் சிதறியும் போய், இனி ஒருவரை அனுப்பினால் அநியாயமாகிவிடும் என்று நீதிபதிக்குத் தோன்றினால் மறுக்கலாம். அந்தப் பழைய செயலகத்தையே இடித்தாகிவிட்டது. லிஃப்ட் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் ஓடி ஒளிந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: இவர் ஒளிந்திருந்தாரா, இல்லையா?

"ஒளிஞ்சேனா?" மெக்கானிக்குச் சிறையில் போடுவார்கள் என்பதைவிட இதுதான் அதிகம் உறைத்தது. "மாசாமாசம் அவங்க தூதரகத்து லிஃப்டுக்கே நான்தான் கிரீஸ் போட்டேன். அவங்க வீட்டுக்குள்ளயே போய் ஒளியறவன் எவன்?"

உண்மைதான். அவர் வந்த முதல் வருடத்திலிருந்து அந்தக் கட்டடத்து லிஃப்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் அதை நிரூபிக்க ஒரு துரும்பும் அகப்படவில்லை. கம்பெனி இரண்டு தடவை கைமாறியிருந்தது. பழைய காகிதம் எதுவும் தங்களிடம் இல்லை, யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை அனுப்புவதுதான் வழக்கம் என்று புது முதலாளி கையை விரித்துவிட்டார். தூதரகத்தின் பின்வாசல் காவலாளி, வருகிறவரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வருடக்கணக்காக 'லிஃப்ட்' என்று மட்டும் எழுதி வந்திருந்தார்.

ஜாமீனில் விட்டபோது நீதிமன்றம் போட்ட நிபந்தனை இரண்டு. தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தூதரகம் இருக்கும் தெருப்பக்கம் தலை வைக்கக் கூடாது.

*

நீதிமன்றத்து மாடி நடைவழியில் ஒரு நீளமான பெஞ்சு, அதன் பக்கத்திலேயே லிஃப்ட். மெக்கானிக் உட்காரவில்லை. லிஃப்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த லிஃப்டைக் கண்டாலும் அவர் இப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒரு துணிக்கடையில் அவர் இப்படி நின்றபோது, ஆளுக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக் கடைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"வந்து உக்காருங்க. அது நல்லாத்தான் ஓடுது."

"ஓடுது. ஆனா கயிறு ஒரு பக்கமா இழுக்குது."

"நம்ம கயிறை முதல்ல பாக்கலாம், வாங்க."

அறைக்குள் அவள் கண் பழக்கதோஷத்தில் எல்லோருடைய கண்ணாடியையும் மேய்ந்தது. நீதிபதிக்கு மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது; காதுப் பிடியை ஒரு சுற்று சூடு காட்டி வளைத்தால் சரியாகிவிடும். வக்கீல் தம்பி போட்டிருந்தது பவர் இல்லாத வெறும் கண்ணாடி, வயசு கூடத் தெரிவதற்காக. எதிர்த்தரப்பில் இருந்த அரசு வக்கீல் அம்மாவின் கண்ணாடிதான் அவளைக் கவர்ந்தது. பழைய ஃப்ரேம், கீல் உடைந்து ஒட்டியிருந்தது, ஆனால் கண்ணாடியில் ஒரு தூசு இல்லை. இன்னொரு நாட்டு அரசு இப்படி மனு போட்டால், அதற்காக இந்த நாட்டின் அரசு வக்கீல்தான் வாதாட வேண்டும். "அந்தம்மா ரொம்பக் கறாரு," என்று வக்கீல் தம்பி முன்பே சொல்லியிருந்தான். "விடாம அடிப்பாங்க. ஒரே ஒரு நல்லது, தெரிஞ்ச எதையும் மறைக்க மாட்டாங்க. அரசுக்கு வாதாடுறவங்க, தனக்கு எதிரா இருந்தாலும் கோர்ட்டுக்குச் சொல்லியே ஆகணும். நிறைய பேரு சட்டத்துக்காகச் செய்வாங்க. இவங்க குணமே அப்படி."

கறார் என்றால் கறார்தான். அந்த அம்மா எழுந்து, குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். இவர் இந்த நாட்டு அரசுக்கு வரி கட்டியிருக்கலாம், குடியுரிமை வாங்கியிருக்கலாம். ஆனால் சொந்த நாட்டோடு எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவில்லை. தன் நாட்டுத் தூதரகத்தின் வாசற்படியை மிதிக்கவில்லை. இவர் இங்கே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"வாசற்படியை மிதிக்கலங்கிறது சரிதான்," என்று தம்பி அக்காவின் காதில் முணுமுணுத்தான். "மச்சான் பின்வாசல் வழியாத்தானே போனாரு."

அவள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

அரசு வக்கீல் தூதரகத்தின் நிர்வாக அதிகாரி கையெழுத்திட்ட வாக்குமூலத்தைப் படித்தார். மனுவில் கண்ட பெயருள்ள நபரைத் தூதரகத்தில் பணிபுரியும் எவரும் அறியார். அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் கேட்டு உறுதிசெய்யப்பட்டது. இணைத்திருந்த பழைய புகைப்படத்தில் இருப்பவரையும் எவரும் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் மெக்கானிக்குத் தலை நிறைய முடியும் கத்தை மீசையும் இருந்தன. இப்போது இரண்டுமே இல்லை.

வக்கீல் தம்பி எழுந்து, லிஃப்ட் விஷயத்தைச் சொன்னான். அவன் நன்றாகத்தான் சொன்னான். நீதிபதி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "சொல்றீங்க. இவரைத் தவிர இதைச் சொல்றதுக்கு வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். வக்கீல் தம்பி கையிலிருந்த ஃபைலை மூடினான். யாரும் இல்லை.

"சாப்பிட்டு வாங்க. மத்தியானம் முடிச்சிடலாம்," என்றார் நீதிபதி.

முடிச்சிடலாம் என்றதும் அவளுக்குப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. தம்பியை அனுப்பி எடுத்துவரச் சொல்லலாமா என்று யோசித்தாள். எடுத்துவரச் சொன்னால் அவர் முகம் என்னவாகும் என்றும் யோசித்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

*

நடைவழியில் கூட்டம் கலைந்திருந்தது. வக்கீல் தம்பி கீழே போன் பேசப் போயிருந்தான். பெஞ்சின் ஒரு கோடியில் அவளும் தம்பியும் இருந்தார்கள். மறுகோடியில் அரசு வக்கீல் அம்மா, மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, படித்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டடத்தில் உட்காருவதற்கு வேறு இடமில்லை.

மெக்கானிக் பழையபடி லிஃப்ட் கதவில் கை வைத்து நின்றார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தார்.

லிஃப்ட் வந்து நின்றது. நல்ல கோட்டு போட்ட ஒரு மனிதர் அவசரமாக வெளியே வந்தார். புதிதாக வாங்கிய கண்ணாடி என்பது அவர் நடையிலேயே அவளுக்குத் தெரிந்தது. மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பார்வைக்குமான லென்ஸ், இன்னும் பழகவில்லை. மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் நின்றுவிட்டார்.

"அடடே! லிஃப்ட்காரரே! நீங்க இங்கயா இருக்கீங்க?"

மெக்கானிக் திரும்பினார். "வணக்கம் சார்."

"என்னய்யா வணக்கம்? ஆளையே காணோம் மாசக்கணக்கா! கோர்ட்டு வேலை கிடைச்சதும் எங்களை மறந்துட்டீங்களாக்கும். அந்த மூணாவது மாடி திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. கம்பெனியில யாரையோ அனுப்புறாங்க, வர்றான், நாலு தட்டு தட்டுறான், போயிடுறான். போன வாரம் தூதரே உள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய வந்தவரு என்னைத் திட்டின திட்டு இருக்கே!"

தம்பி பாதி எழுந்துவிட்டான். அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மூச்சு விடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் எங்கே பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது.

அவளுடைய கணவருக்கோ அந்தப் பயம் எதுவும் இல்லை. லிஃப்ட் என்றதும் வழக்காவது, மண்ணாவது.

"கதவு திறந்து திறந்து மூடுதா சார், இல்ல பாதியில நின்னுடுதா?"

"பாதியில."

"நிக்கறதுக்கு முன்னாடி டக்குனு ஒரு சத்தம்?"

"அதேதான்!"

"அப்ப கதவுப் பூட்டுதான். மூணாவது மாடியில ஒட்டினாப்லயே கை கழுவுற இடம் இருக்குல்ல, அந்த ஈரம் சுவரு வழியா ஏறுது. பூட்டுக்குள்ள ஒரு செம்புத் தகடு, அதுல பச்சை பிடிச்சிடும். ஒவ்வொரு தடவையும் நான் அதைத் தேய்ச்சிட்டுத்தான் போவேன்."

"பாத்தீங்களா, இதைச் சொல்ல ஒரு ஆள் இல்ல அங்க." தூதரக அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "நான் பொறுப்பேத்த மொத நாளே அதுக்குள்ள மாட்டினேனே, நீங்கதானே மேலேருந்து கை கொடுத்துத் தூக்கினீங்க? அஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவரு போகும்போதே சொன்னாரு, இந்த லிஃப்டை வருஷக்கணக்கா ஒருத்தர் பாக்குறாரு, வேற யாரையும் தொட விடாதேன்னு. சரி, அடுத்த வாரம் வந்துட்டுப் போங்க. நான் இப்ப ஒரு கேஸு விஷயமா வந்தேன்."

"நானும் கேஸுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"நீங்களா? என்ன கேஸு?"

மெக்கானிக் கொஞ்சம் கூச்சப்பட்டார். "உங்க கேஸுதான் சார்."

அதிகாரி மோவாயைத் தூக்கி ஒரு முறை பார்த்தார். தாழ்த்தி ஒரு முறை பார்த்தார். அந்த முகத்தின் மேல் முடியையும் மீசையையும் அவர் மனசுக்குள் வரைந்து பார்க்கிறார் என்பது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு அவர் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார். மடித்துக்கொண்டே இருந்தார்.

பெஞ்சின் மறுகோடியில் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அரசு வக்கீல் அம்மா எழுந்து வந்து அதிகாரியின் முன் நின்றார்.

"வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம்மா. ஆனா..."

"இங்க எதுவும் சொல்லாதீங்க. உள்ள வந்து சொல்லுங்க." பிறகு மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்து, "உங்க வக்கீலைக் கூப்பிடுங்கம்மா. அவருக்கும் நான் சொல்லணும்," என்றார்.

தம்பி படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினான். அவள் கோட்டைக் கணவரின் தோளில் போட்டு, சுருட்டிய கையை இறக்கி, பித்தானை மாட்டிவிட்டாள்.

"என்னடி, எதுக்கு அழுவுற?"

"அழல. உங்க கிரீஸு நாத்தம்."

"இன்னிக்கு நான் கிரீஸையே தொடலையே."

"பேசாம நில்லுங்க."

*

மத்தியானம் நீதிபதி வந்து உட்கார்ந்ததும் அரசு வக்கீல் முதலில் எழுந்தார். இடைவேளையில் தன் காதால் கேட்ட ஒரு விஷயம் மனுதாரரான அரசின் வாதத்துக்கு எதிரானது, ஆனாலும் நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது தன் கடமை என்றார். காலையில் அடுக்கியது போலவே, அதே குரலில், கேட்டதை வரிசை மாறாமல் சொன்னார். மூணாவது மாடிப் பூட்டில் பச்சை பிடிக்கும் விஷயத்தைக்கூட விடவில்லை.

அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

"இந்த நபரைத் தெரியவே தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் நீதிபதி.

"பேரைத் தெரியாதுங்க ஐயா. ஆளைத் தெரியும்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடப் பேரைக் கேக்கலியா?"

"லிஃப்ட் நின்னா லிஃப்ட்காரரைக் கூப்பிடுன்னு சொல்வோம் ஐயா. அவரு வந்துடுவாரு. வந்தா சரியாயிடும். அப்புறம் பேரை எதுக்குக் கேக்கப்போறோம்?" அவர் குற்றவாளிக் கூண்டின் பக்கம் பார்த்தார். "அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் நிஜமாவே ஆபீஸு பூராவும் கேட்டேன். யாருக்கும் தெரியல."

"எவ்வளவு காலமா வர்றாரு?"

"எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். அதுக்கு முன்னாடியும் இவர்தான்னு கேள்வி."

"மறைஞ்சு மறைஞ்சு வந்தாரா?"

அதிகாரி இதற்கு நிறைய யோசித்தார். அவருடைய வேலைக்கே ஆபத்து என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "இல்லீங்க," என்றார் கடைசியில். "முதுகுல கம்பெனி பேரு பெரிசா எழுதின சட்டையைப் போட்டுட்டுத்தான் வருவாரு."

வக்கீல் தம்பி எழுந்து, கேட்க எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அன்று அவன் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று அவளுடைய தம்பி பின்பு காரில் சொன்னான். அவன் காரில் இன்னும் என்னென்னவோ சொன்னான். மந்திரி லிஃப்டில் மாட்டினதற்கு மச்சான் கேஸில் மாட்டினார், மச்சானை லிஃப்டே எடுத்துவிட்டது என்றான். மெக்கானிக் வழி நெடுக, காலையில் கேட்ட அந்தக் கயிற்றைப் பற்றி யாரிடம் சொல்வது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். பரீட்சை சுமார்தான் என்று முதலில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே நீதிபதி உத்தரவைப் படித்திருந்தார். எதிர்மனுதாரர் ஒளிந்திருந்ததாகக் கொள்ள முடியாது. மனு செய்த அரசின் அலுவலகத்துக்குள்ளேயே பல ஆண்டுகளாக வெளிப்படையாக வேலை செய்து வந்திருக்கிறார். காலதாமதத்துக்கு அவர் பொறுப்பல்ல. சாட்சிகளும் கட்டடமும் இல்லாத நிலையில் அவரை ஒப்படைப்பது அநீதியாகும். மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஜாமீன் நிபந்தனைகள் நீக்கப்படுகின்றன.

மேல்முறையீட்டுக்கான கெடு முடியும்வரை மெக்கானிக்கின் மனைவி பையைப் பிரிக்கவில்லை. மேல்முறையீடு எதுவும் வரவில்லை. கெடு முடிந்த மறுநாள் சட்டைகளையும் போர்வையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். கண்ணாடியை மட்டும் அவர் போட்டுக்கொண்டார், பழையதைவிட இது தெளிவாக இருக்கிறது என்று.

தூதரகத்திலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது. லிஃப்ட்காரரை அனுப்பச் சொன்னார்கள். அந்த வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உள்ளே போனால் அது அவர்கள் வீடு, பிடித்து வைத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. ஆகவே ஒரு வியாழக்கிழமை காலை மெக்கானிக் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றுகொண்டு போனில் சொல்லச் சொல்ல, உள்ளே கம்பெனியின் புது ஆள் மூன்றாவது மாடிக் கதவுப் பூட்டைக் கழற்றித் தகட்டைத் தேய்த்தார். மத்தியானத்துக்குள் லிஃப்ட் ஓடியது.